ஒரு மணிச் சோறு

பெருங்குடியில் காலை ஆறு மணிக்கு எந்த அடுக்குமாடி வீட்டுக்குப் போனாலும் ஒரே கேள்விதான்: இன்னைக்கு டப்பாவுல என்ன கட்டுறது? திங்கக்கிழமை எலுமிச்சை சாதம், செவ்வாய்க்கிழமை சப்பாத்தி, புதன்கிழமை பாஸ்தா என்று வாரத்துக்கு ஒரு அட்டவணை எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வச்சிருக்காங்க. என் மாமா பேத்தி வீட்டிலும் அப்படி ஒண்ணு தொங்குது. அவ பையன் ரெண்டாம் வகுப்பு. பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துக்குச் சோறு கட்டுறது ஏதோ இந்தத் தலைமுறைக்கு மட்டும் வந்த தலைவலி மாதிரி எல்லாரும் பேசிக்கிறாங்க. இதுக்குப் பின்னால் நூறு வருஷத்துக்கு மேல் கதை இருக்குது. அதில் முக்கியமான சில சங்கதிகள் பெருங்குடியிலிருந்து பஸ்ஸில் போய்ச் சேர்ற தூரத்திலேயே நடந்தது. அதைத்தான் எழுதலாம்னு உட்கார்ந்தேன்.

பெருங்குடி எங்க அம்மா பிறந்த ஊர். இப்ப அங்க வேலைக்குப் போறவங்களுக்கு அது ஐ.டி. கம்பெனிங்களும் பறக்கும் ரயில் ஸ்டேஷனும் இருக்கிற இடம். எங்களுக்கு அது ஏரி, ஏரிக்குக் கீழே நெல்லு, ஒரு பக்கம் பள்ளிக்கரணை சதுப்பு, இன்னொரு பக்கம் பக்கிங்காம் கால்வாய். ஊரு அப்ப செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. மெட்ராஸ் கார்ப்பரேஷன் எல்லைக்கு வெளியே. 2011 அக்டோபரில்தான் அது சென்னை மாநகராட்சிக்குள் வந்தது. இந்த எல்லைக் கணக்கை ஞாபகம் வச்சிக்கோங்க, பின்னால் தேவைப்படும்.

முதல்ல கட்டுச்சோத்தைப் பத்திச் சொல்லிடறேன். சோத்தைக் கட்டி எடுத்துப் போறது நம்ம ஊருக்குப் பழைய வழக்கம். பொதிசோறு, கட்டமுது, கட்டுச்சோறு என்று எத்தனை பேர் வச்சிருக்காங்க பாருங்க. திருச்சிக்குப் பக்கத்துத் திருப்பைஞ்ஞீலியில், பசியோட நடந்து வந்த அப்பருக்குச் சிவபெருமானே கட்டமுது கொண்டு வந்து கொடுத்ததாகப் புராணம். அங்க அதை இன்னும் விழாவாக் கொண்டாடுறாங்க. எங்க மாவட்டத்தில் சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில் திருக்கச்சூர் இருக்குது. அங்க சுந்தரர் பசியில் களைச்சு உட்கார்ந்தப்ப, உச்சி வெயில்ல சாமி வீடு வீடாப் போய் இரந்து சோறு வாங்கி வந்து போட்டாராம். அதனால சாமிக்கே இரந்திட்டீஸ்வரர்னு பேரு. மத்தியானச் சோறு போடுறது சாமி செய்யுற வேலைன்னு எங்க ஊர்ப் பெரியவங்க சொல்றதுக்கு இந்தக் கதைதான் காரணம்னு நினைக்கிறேன்.

வழிப்பயணத்துக்குக் கட்டுன சோத்துக்கு ஒரு கணக்கு உண்டு. சோறு வடிச்சு ஆறேழு மணி நேரம் கழிச்சுத்தான் வாயில் வைக்கப் போறோம், அது வரைக்கும் கெடக் கூடாது. நம்ம வெயிலுக்கு ஈரச் சோறு மத்தியானத்துக்குள்ள நூல் விட்டுடும். அதுக்குப் புளியைக் கண்டுபிடிச்சாங்க. புளிப்பு ஏறுன சோத்தில் கெட்டுப்போக வைக்கிற கிருமி சீக்கிரம் வளராது. நல்லெண்ணெய் பருக்கை மேலே ஒரு போர்வை மாதிரி படிஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டாமப் பார்த்துக்கும். உப்பும் பெருங்காயமும் வெந்தயமும் தன் பங்குக்கு வேலை செய்யும். புளியோதரை, எலுமிச்சை, தயிர் சாதம் எல்லாமே இந்தக் கணக்கில் வந்ததுதான். தேங்காய் சாதத்துக்கு அந்த யோகம் கிடையாது. தேங்காய்ப்பூ மத்தியானத்துக்குள்ள முகம் சுளிக்க வச்சிடும், அதனால வீட்டிலேயே சாப்பிட்டு முடிக்கிற சாதமா அது நின்னுபோச்சு.

ஆனா இது எல்லாம் எண்ணெயும் புளியும் பச்சரிசியும் உள்ள வீட்டுக் கணக்கு. பெருங்குடியில எங்க அம்மா படிச்ச காலத்தில், அது 1950-கள், வயல் வேலைக்குப் போற வீட்டுப் பிள்ளைங்க மத்தியானத்துக்கு எடுத்துப் போனது பழைய சோறு. இல்லேன்னா கேழ்வரகுக் கூழு. தூக்குல போட்டு ஒரு மிளகாயோ, ஒரு துண்டு கருவாடோ மூடியில் வச்சுக் கொடுப்பாங்க. அதுவும் இல்லாத வீட்டுப் பிள்ளைங்க மத்தியான மணி அடிச்சதும் வெளியே போய் மரத்தடியில் விளையாடிட்டு, தண்ணி குடிச்சிட்டுத் திரும்பி வரும். அம்மா சொல்லுவாங்க, "அந்தப் பிள்ளைங்க விளையாடப் போறாங்கன்னுதான் ரொம்ப நாள் நினைச்சோம்"னு. சேரிப் பிள்ளைங்க சாப்பிடுறதா இருந்தாலும் தள்ளித்தான் உட்காருவாங்க. தூக்குல என்ன இருக்குதுன்னு யாரும் திறந்து காட்ட மாட்டாங்களாம். கூழு கொண்டு வந்த பிள்ளை திரும்பி உட்கார்ந்து குடிக்கும்.

டப்பாவுக்கு இந்தக் குணம் அப்பவே இருந்தது. அதைத் திறந்தா வீட்டுக் கதவைத் திறந்த மாதிரி. உள்ள என்ன இருக்குது, என்ன இல்லேன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடும்.

இப்ப 1920-க்குப் போவோம். அப்ப மெட்ராஸ் கார்ப்பரேஷன் தலைவரா இருந்தவர் சர் பிட்டி தியாகராயச் செட்டியார். நீங்க ஷாப்பிங் போறீங்களே தி. நகர், அந்தத் தியாகராயர்தான். ஆயிரம் விளக்குல ஒரு கார்ப்பரேஷன் பள்ளிக்கூடம். பிள்ளைங்க ரொம்ப ஏழைங்க, பசியால பள்ளிக்கு வர்றது குறையுதுன்னு சொல்லி, 1920 செப்டம்பர் 16-ந் தேதி மாமன்றத்தில் தீர்மானம் கொண்டு வந்தாங்க. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மிகாமச் செலவு பண்ணி டிபன் கொடுக்கலாம்னு நிறைவேறிச்சு. பதினாறு அணா ஒரு ரூபாய். அந்த ஒரு அணாதான் இன்னைக்கு இந்தியா முழுக்க ஓடுற மத்தியான உணவுக்கு விதை நெல்லு.

அப்புறம் இன்னும் நாலு பள்ளிக்கூடத்துக்கு நீட்டினாங்க. 1922-23-ல் 811 ஆக இருந்த பிள்ளைங்க எண்ணிக்கை 1924-25-ல் 1,671 ஆச்சு. ரெண்டே வருஷத்தில் ரெண்டு மடங்கு. சோறு போட்டா பிள்ளை வரும்ங்கிறதுக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேணும்? ஆனா பிரிட்டிஷ் அரசாங்கம் சாப்பாட்டுச் செலவைத் தொடக்கக் கல்வி நிதியில் கணக்குக் காட்டக் கூடாதுன்னுடுச்சு. கல்விக்கு மானியம் உண்டு, சோத்துக்குக் கிடையாதாம். 1925 ஏப்ரல் 1-ல் திட்டம் நின்னுபோச்சு. திரும்பத் திரும்பக் கேட்டு, 1927-ல் 25 பள்ளிகளில் ஆயிரம் ஏழைப் பிள்ளைங்களுக்குன்னு மறுபடி கொஞ்சம் உயிர் வந்தது. இடையில் அந்த ரெண்டு வருஷம், சோத்துக்காக வந்து சேர்ந்த பிள்ளைங்க எங்க போயிருப்பாங்கன்னு எந்த ஏட்டிலும் இருக்காது. மாடு மேய்க்கவோ, கறிக்கடைக்கோ, செங்கல் சூளைக்கோ போயிருப்பாங்க.

இங்கதான் எல்லைக் கணக்கு வருது. ஆயிரம் விளக்கிலிருந்து பெருங்குடிக்கு மாட்டு வண்டி கட்டினா அரை நாள் பயணம்கூட இல்ல. ஆனா அந்த ஒரு அணா டிபன் அடையாறு ஆத்தைத் தாண்டி எங்க அம்மா ஊருக்கு வரல. கார்ப்பரேஷன் பிள்ளைக்குச் சோறு உண்டு, செங்கல்பட்டு மாவட்டத்துப் பிள்ளைக்குக் கிடையாது. சுதந்திரம் வந்து, இன்னும் ஒரு ஒன்பது வருஷம் ஆகித்தான் கிராமத்துக்கு அந்தத் தட்டு வந்தது.

காமராஜர் 1954-ல் முதலமைச்சர் ஆனாரு. அதுக்கு முன்னால் ராஜாஜி கொண்டு வந்த, பிள்ளை பாதி நாள் பள்ளியிலயும் பாதி நாள் வீட்டுத் தொழில்லயும் இருக்கலாம்ங்கிற திட்டத்தை முதல்ல எடுத்தாரு. முழு நாளும் பள்ளிக்கூடம்னு ஆனதும் மத்தியானச் சோறு தானா முன்னால வந்து நின்னது. பாதி நாள்னா பிள்ளை வீட்டுக்குப் போய் இருக்கிறதைக் குடிச்சுக்கும், முழு நாள்னா என்ன பண்ணும்? மாடு மேய்ச்ச பையனை நிறுத்தி ஏன் படிக்கப் போகலைன்னு அவர் கேட்டதாகவும், பள்ளிக்கூடத்தில் சோறு போடுவாங்களான்னு அவன் திருப்பிக் கேட்டதாகவும் ஒரு கதை எல்லா மேடையிலும் சொல்லுவாங்க. கதை எப்படியோ, கேள்வி சரியான கேள்வி.

1956-ல் எட்டயபுரத்தில், பாரதியார் பிறந்த ஊர்ல, மதிய உணவுத் திட்டம் தொடங்கிச்சு. கல்வித் துறையில் இயக்குநரா இருந்து அதைத் தோளில் தூக்கினவர் நெ. து. சுந்தரவடிவேலு. ஆரம்பத்தில் 8,000 தொடக்கப் பள்ளி, 65,000 பிள்ளைங்க. வகுத்துப் பாருங்க, பள்ளிக்கு எட்டுப் பிள்ளைதான். ரொம்ப ரொம்ப இல்லாத வீட்டுப் பிள்ளைங்களை மட்டும் பொறுக்கி எடுத்திருக்காங்க. ஒரு சாப்பாட்டுக்குப் பத்து பைசா கணக்கு, அதில் ஆறு பைசா அரசாங்கம், நாலு பைசா ஊரு. இந்த நாலு பைசாவைத்தான் நான் பெரிசாச் சொல்லுவேன். அறுப்பு முடிஞ்சதும் களத்துமேட்டில் பள்ளிக்கூடத்துக்குன்னு நெல்லு ஒதுக்கி வைக்கிற பழக்கம் அப்படி வந்ததுன்னு தாத்தா சொல்லிக் கேட்டிருக்கேன். பூசணிக்காய் காய்ச்சவன் பூசணிக்காய், முருங்கை மரம் வச்சிருக்கிறவன் ஒரு கட்டு கீரை. 1958-ல் எங்க பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூர்லதான் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. ஊர்க்காரங்களே பள்ளிக்கூடத்துக்கு வேணுங்கிற பொருளைக் கொண்டு வந்து கொடுக்கிற ஏற்பாடு அது.

ஆனா பள்ளிக்கு எட்டுப் பிள்ளைங்கிற கணக்கில் ஒரு சங்கடமும் இருந்தது. யார் தட்டைத் தூக்கிட்டு வரிசையில் நிக்கிறாங்களோ அவங்க இல்லாதவங்கன்னு ஊருக்கே தெரியும். அதனாலயே பட்டினி கிடந்தாலும் போகாத பிள்ளைங்க உண்டு.

1961-லிருந்து கேர்ங்கிற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் பொருள் கொடுக்க ஆரம்பிச்சுது. இதுல நானே சாட்சி. 1970-ல பிறந்தவன் நான், ஒண்ணாம் வகுப்பு சேர்ந்தப்ப எங்களுக்குக் கிடைச்சது மஞ்சள் நிறத்தில் மக்காச்சோள மாவு உப்புமா, அப்புறம் கோதுமை ரவை. அதுக்கு ஊத்துற எண்ணெய்க்கு ஒரு வாசனை உண்டு, இன்னைக்கு எங்கேயாவது அந்த வாசனை அடிச்சா எனக்குச் சிலேட்டு ஞாபகம் வரும். எண்ணெய் வந்த தகர டின்னு காலியானதும் ஊர்ல அதுதான் தண்ணி மொள்ற டின்னு, நெல்லு அளக்கிற டின்னு. நெல்லு விளையுற ஊர்ப் பிள்ளைங்க அமெரிக்கச் சோளத்தைத் தின்னு படிச்சோம். ருசியைக் கேட்டா, பசியில இருந்த பிள்ளைக்கு ருசி நல்லாத்தான் இருந்தது.

1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் திருச்சிப் பக்கம் பாப்பாக்குறிச்சியில் தொடங்கி வச்சாரு. சின்ன வயசில் கும்பகோணத்தில் தானும் அண்ணனும் பட்டினி கிடந்ததை அவரு பல தடவை சொல்லியிருக்காரு. பொறுக்கி எடுக்கிற வேலையெல்லாம் போச்சு. வர்ற பிள்ளைக்கு எல்லாம் சோறு. முதல்ல கிராமங்கள், அதே வருஷம் செப்டம்பர் 15-ல் நகரங்கள். அங்கன்வாடியில் ரெண்டு வயசிலிருந்து, பள்ளியில் ஒன்பது வயசு வரைக்கும். ஒவ்வொரு மையத்துக்கும் அமைப்பாளர், சமையலர், உதவியாளர்னு மூணு பேர், பெரும்பாலும் பெண்கள், அதிலும் கணவனை இழந்தவங்களுக்கும் ஆதரவு இல்லாதவங்களுக்கும் முன்னுரிமை. எங்க ஊர்ல வெள்ளைச் சேலையோட மூலையில் உட்கார வச்சிருந்த ஒரு அக்கா, கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்குற அக்காவா ஆனது அன்னைக்குத்தான்.

எனக்கு அப்ப பன்னிரண்டு வயசு. ஒன்பதோட நின்னுபோன கணக்கில் நான் வெளியே. என் தம்பி தட்டை எடுத்துக்கிட்டுப் பள்ளிக்கூடம் போவான், நான் தூக்கு எடுத்துக்கிட்டுப் போவேன். அவனுக்குச் சுடு சோறு, பருப்புக் குழம்பு. எனக்குக் காலையில வடிச்சது, இல்ல நேத்து வடிச்சது. 1984-ல்தான் பத்திலிருந்து பதினஞ்சு வயசுப் பிள்ளைங்களுக்கும் நீட்டினாங்க. அப்ப எனக்குப் பதினாலு. இந்த ரெண்டு வருஷத்தில் எங்க கூடப் படிச்ச பொம்பளைப் பிள்ளைங்க எத்தனையோ பேர் நின்னுட்டாங்க. எல்லாம் சோத்தாலன்னு சொல்ல மாட்டேன், ஆனா வீட்டில் ஒரு தூக்குக்குத்தான் சோறு இருக்குதுன்னா அது பையனுக்குத்தான் போகும். அது எல்லா வீட்டிலும் தெரிஞ்ச கணக்கு.

அதுக்கப்புறம் நடந்ததைச் சுருக்கமாச் சொல்லிடறேன், உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். 1989-ல் கலைஞர் ரெண்டு வாரத்துக்கு ஒரு முட்டை கொண்டு வந்தாரு. அது வாரத்துக்கு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு ஏறி 2010-ல் அஞ்சு ஆச்சு. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். 2001 நவம்பர் 28-ல் உச்ச நீதிமன்றம், நாடு முழுக்க அரசுப் பள்ளிகளில் சமைச்ச சாப்பாடுதான் கொடுக்கணும், வெறும் அரிசி அளந்து அனுப்பக் கூடாதுன்னு உத்தரவு போட்டுது. அப்ப நமக்கு அது இருபது வருஷப் பழக்கம்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச கட்டம் 2013. ஜெயலலிதா அம்மா காலத்தில் சில ஒன்றியங்களில் சோதனையா ஆரம்பிச்சு, 2014-ல் மாநிலம் முழுக்கக் கொண்டு வந்த கலவை சாதம். அதுவரைக்கும் தினம் சோறு, சாம்பார். இப்ப காய்கறி பிரியாணி, கொண்டைக்கடலை புலாவ், தக்காளி சாதம், கறிவேப்பிலை சாதம், புளி சாதம், எலுமிச்சை சாதம், கூட மிளகு முட்டை, மசாலா முட்டை. கட்டுச்சோறு சுத்திச் சுத்தி வந்து சத்துணவுக் கூடத்தில் நுழைஞ்சுடுச்சு! புளியும் எண்ணெயும் உள்ள வீட்டுக்கு மட்டும் இருந்த புளியோதரை, இப்ப கூழு குடிச்சவங்க பேரப் பிள்ளைக்கும் அரசாங்கக் கணக்கில் வருது. தனியார் பள்ளிப் பிள்ளை டப்பாவில் இருக்கிறதும், யூனியன் ஸ்கூல் பிள்ளை தட்டில் இருக்கிறதும் ஒரே எலுமிச்சை சாதம். எத்தனை பேர் இதைக் கவனிச்சாங்கன்னு தெரியல, எனக்கு அது சின்ன விஷயமாப் படல. பணியாளர்கள் பாடு கூடிப்போச்சுங்கிறதும் உண்மைதான். ஒரே ஆள் நூறு முட்டை உரிச்சு மசாலாவும் போடணும்னா சும்மாவா?

2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் ஒரு மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் முதலமைச்சர் ஸ்டாலின் காலைச் சிற்றுண்டித் திட்டத்தைத் தொடங்கி வச்சாரு. 1,545 பள்ளி, ஒரு லட்சத்துப் பதினாலாயிரம் பிள்ளைங்க. உப்புமா, கிச்சடி, பொங்கல். அடுத்த வருஷம் ஆகஸ்ட்டில் மாநிலத்து அரசுத் தொடக்கப் பள்ளி எல்லாத்துக்கும் வந்தது, 2025 ஆகஸ்ட்டில் மயிலாப்பூர்ல ஒரு பள்ளியிலிருந்து நகரத்து அரசு உதவி பெறும் பள்ளிங்களுக்கும் நீட்டினாங்க. தியாகராயச் செட்டியார் தீர்மானம் செப்டம்பர் 16, இது செப்டம்பர் 15. நூத்திரண்டு வருஷத்துக்கு ஒரு நாள் குறைச்சல். 1920-ல் எல்லைக்கு வெளியே நின்ன பெருங்குடி இப்ப மாநகராட்சியில் ஒரு மண்டலத்துக்கே பேரு.

நல்லதை மட்டும் சொல்லிட்டுப் போனா வரலாறு ஆகாது. ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டா சாதி கரைஞ்சுடும்னு 1956-ல் நம்பினாங்க. கொஞ்சம் கரைஞ்சுது. ஆனா யாரு சமைக்கிறாங்கங்கிற இடத்தில் போய் நின்னுக்கிச்சு. 2018-ல் திருப்பூர் மாவட்டம் அவிநாசிப் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளியில் தலித் பெண் சமைக்கக் கூடாதுன்னு பெற்றோர்ல சிலர் தடுத்து, அவங்களை மாத்தி, அப்புறம் எதிர்ப்பு வந்து அந்த மாற்றத்தை ரத்து செஞ்சாங்க, வழக்கும் பதிவாச்சு. 2023-ல் காலைச் சிற்றுண்டிக்கும் அதே கதை. கரூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் கலெக்டரே போய்ப் பிள்ளைங்களோட உட்கார்ந்து சாப்பிட வேண்டியதாப் போச்சு. எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் உசிலம்பட்டின்னு ஒரு ஊர்ல இதே பிரச்சினைன்னு செய்தி வந்தப்ப, எம்.பி.யும் அமைச்சரும் அங்க போய்ப் பிள்ளைங்களோட சாப்பிட்டாங்க. எட்டயபுரம்! முதல் தட்டு வச்ச மண்ணு. அதைப் படிச்ச அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கல.

நகரத்தில் அந்த மாதிரி இல்லேன்னு நீங்க சொல்லலாம். மாமா பேத்தி பையன் படிக்கிற பள்ளியில் ஒரு தாள் கொடுத்திருக்காங்க. முட்டை, மீன், கறி டப்பாவில் வரக் கூடாது. வாசனை அடிக்கிற சாப்பாடு வேண்டாம். ஒருத்தர் டப்பாவிலிருந்து ஒருத்தர் எடுத்துச் சாப்பிடக் கூடாது. ஒவ்வாமை, சுகாதாரம்னு காரணம் சொல்றாங்க, அதில் ஞாயம் இல்லாமல் இல்ல. ஆனா வாரத்துக்கு அஞ்சு முட்டை வாங்கிக் கொடுக்க நாட்டில் இருபது வருஷம் ஆச்சு, இங்க முட்டை வாசலிலேயே நிக்குது. அந்தப் பையன் எங்க வீட்டுக்கு வந்தா நெத்திலிக் கருவாட்டுக் குழம்பை ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிடுவான். பள்ளியில் யார்கிட்டயும் அதைச் சொல்ல மாட்டானாம். அவனோட பூட்டிக்குப் பெருங்குடியில் கூழு குடிக்க இருந்த கூச்சம் இவனுக்குக் கருவாட்டுல வந்து உட்கார்ந்திருக்குது.

டப்பா பாதி திரும்பி வருதுங்கிறதுதான் அவளுக்குப் பெரிய கவலை. அதுக்கு நான் அரிசிக்காரனா ஒண்ணு ரெண்டு சொன்னேன், உங்களுக்கும் உதவலாம். சோறு திரும்பி வர்றதுக்குப் பாதிக் காரணம், அது ஒரு மணிக்குச் சாப்பிடுற சோறா இல்லாம, ஆறு மணிக்குச் சாப்பிடுற சோறா இருக்குறது. அறுத்துக் கொஞ்ச நாளே ஆன புது நெல்லு அரிசி குழையும், பிசுபிசுக்கும். ஒரு ஆறு மாசமாவது பழசான அரிசி உதிரியா நிக்கும். கடையில் பழைய அரிசியான்னு கேட்டு வாங்குங்க, தெரிஞ்ச கடைக்காரன் பொய் சொல்ல மாட்டான். கலவை சாதத்துக்குப் புழுங்கலரிசி நல்லாவே தாங்கும், பச்சரிசிதான் வேணும்னு ஒண்ணும் கட்டாயம் இல்ல. குக்கர்ல வைக்கிறதா இருந்தா தண்ணியைக் குறைங்க. முடிஞ்சா வாரத்தில் ரெண்டு நாளாவது வடிச்சுப் பாருங்க, கஞ்சியோட பசை போயிடும். வடிச்ச கஞ்சியில் உப்பும் ரெண்டு சின்ன வெங்காயமும் போட்டு நீங்க குடிச்சுடுங்க.

சோத்தைத் தாம்பாளத்தில் கொட்டி ரெண்டு கரண்டி நல்லெண்ணெய் விட்டு நல்லா ஆற விடணும். ஆறாம மூடுனா மூடியில் நீர் முத்து முத்தாக் கட்டிச் சோத்து மேலேயே சொட்டும், பத்து மணிக்கே கெட ஆரம்பிச்சுடும். டப்பா திறந்ததும் ஒரு புளிச்ச வாடை வருதுன்னு பிள்ளை சொல்லுச்சுன்னா காரணம் அதுதான், அரிசியைத் திட்டாதீங்க. எலுமிச்சையை அடுப்பு மேல பிழியாதீங்க, கசக்கும். ஆறுன சோத்தில் பிழியணும். தயிர் சாதத்துக்குத் தயிரைக் கொட்டக் கூடாது. சோத்தைக் குழைச்சுப் பாலை ஊத்தி, ஒரே ஒரு ஸ்பூன் தயிர் விட்டுக் கலந்து அனுப்பினா, பன்னிரண்டரைக்கு அது தானே தயிர் சாதமா ஆகியிருக்கும், புளிச்சிருக்காது. சித்திரை வெயில்ல தயிரை இன்னும் குறைச்சுக்கோங்க.

அவகிட்ட ஒரு படி டி.கே.எம். 9 அரிசியும் கொடுத்துட்டு வந்தேன். திருவள்ளூர்ப் பக்கம் திரூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்ட ரகம், குட்டையா, தடியா, சிவப்பா இருக்கும். இட்லிக்குத்தான் பேர் போனது. நான் அதில் பழைய சோறு போடுவேன். சிவப்பு அரிசின்னதும் அவ பையன் கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "இது டப்பாவுல கொண்டு போலாமா தாத்தா, திட்டுவாங்களா?"ன்னு கேட்டான். அந்தத் தாளில் சிவப்பு அரிசியைப் பத்தி ஒண்ணும் எழுதலைன்னு அவங்க அம்மா படிச்சுப் பார்த்துச் சொன்னா. வெள்ளிக்கிழமை மோர் மிளகாயோட கொண்டு போயிருக்கான். டப்பா காலியா வந்ததாம், ஆனா அவன் சாப்பிட்டது பாதிதான், மீதியைப் பக்கத்துப் பெஞ்சு பிள்ளைங்க எடுத்துக்கிட்டாங்களாம்.